எழும்பூர் விடுதிகளின் நேரக் கணக்கு

1. எல்லை

நட்சத்திர ஹோட்டலுக்கும் மேன்ஷனுக்கும் நடுவே நிற்கும் சென்னை விடுதிகளே இங்கே ஆய்வுப் பொருள். ஏ.சி. அறை, லிஃப்ட், கீழ்த்தளத்தில் சைவ உணவகம், நாள் வாடகை ஏறக்குறைய 2,000 முதல் 3,500 ரூபாய். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி-இர்வின் சாலையிலும் கென்னட் லேனிலும் இவை தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மெத்தையையும் டி.வி.யையும் பார்த்து விடுதியை எடை போடுவது வழக்கம். வந்து இறங்குகிறவரின் நேரத்தை விடுதி எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு.

2. பெயர்

தமிழில் ‘ஹோட்டல்’ என்றால் முதலில் சாப்பாடு, தங்குவதற்கு ‘லாட்ஜ்’. இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தவர்களில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ‘உட்லண்ட்ஸ்’ பங்களாவில் கே. கிருஷ்ண ராவ் நடத்திய ஹோட்டலுக்கு அந்தப் பங்களாவின் பெயரே நிலைத்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கே. சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் எழுந்தது. அதற்கும் முந்தைய தலைமுறைப் பயணிகளுக்குச் சத்திரம்தான். சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் அதற்குச் சாட்சி.

3. நேரம்

எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. மதுரை, நெல்லை, திருச்சி பக்கமிருந்து இரவில் கிளம்பும் ரயில்கள் விடியற்காலையில் சென்னைக்கு வருகின்றன; திரும்பும் ரயில்களும் பெரும்பாலும் இரவில்தான். ஆகவே தென்மாவட்டத்துக்காரருக்கு அறை தேவைப்படுவது விடிகாலையிலிருந்து இரவு வரை. தூங்குவதற்கு ரயில் இருக்கிறது. குளிக்க, உடை மாற்ற, மதியம் சற்றுக் கால் நீட்ட அறை வேண்டும்.

பகல் 12 மணிக்கு நாளை மாற்றும் விடுதியில் காலை 5.40க்கு நுழைந்தால், ஆறு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை முடிந்துவிடும். இரவு வரை இருக்க இரண்டு நாள் வாடகை கொடுக்க வேண்டும். எழும்பூரின் பழைய விடுதிகள் இதற்குக் கண்ட விடைதான் 24 மணி நேரச் செக்-அவுட். ஒருமுறை நான் போய் இறங்கியபோது, கவுன்ட்டரில் தூக்கம் கலையாத இளைஞர் பெரிய பதிவேட்டைத் திருப்பி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். “சார், அஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கேன். நாளைக்கு அஞ்சு நாப்பது வரைக்கும் ரூம் உங்களுதுதான்.” ஊரிலிருந்து வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபசாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறைக்கு விலை உண்டு. அறை எந்த நேரத்திலும் காலியாகும். துடைத்து விரிப்பு மாற்ற ஆட்கள் இரவிலும் வேண்டும். 12 மணி முறையில் மதியம் இரண்டு மணி நேரத்தில் எல்லா அறைகளையும் முடித்துவிடலாம். ஆன்லைன் முன்பதிவும் 12 மணி முறையின் பக்கமே சாய்கிறது. அது அறையை இரவுக் கணக்கில் விற்கிறது, 5.40 என்று தொடங்கும் நாளுக்கு அதில் கட்டமில்லை. எழும்பூரிலும் 24 மணி முறை இதனால் சுருங்குகிறது. இதை வெறும் நிர்வாக மாற்றம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கண் மருத்துவமனைக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ விசா நேர்காணலுக்கோ வந்தவரின் ஒரு நாள் அறைச் செலவு இரட்டிப்பாகிறது.

4. வரி

வாடகையோடு வரியும் சேரும். ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வரையான அறைக்கு 2022 ஜூலை 17 வரை ஜி.எஸ்.டி. இல்லை, பிறகு 12 சதவீதம் வந்தது. 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பில்லில் பார்த்துக்கொள்வது நல்லது.

5. நீர்

நேரமும் நீரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 24 மணி நேரமும் அறை கொடுத்துவிட்டு, குளியலறைக் கதவில் ‘வெந்நீர் 6 முதல் 9 வரை’ என்று ஒட்டினால், 5.40க்கு வந்தவர் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் காத்திருக்க வேண்டும். அறைக்கு ஒரு கீசர் வைத்த விடுதியில் இந்தக் குறை இல்லை. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றியபோது, விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பி நின்றன. வாளியில் பிடித்து மக்கால் மொண்டு குளிக்கிறவருக்குச் செலவாகும் தண்ணீருக்குக் கணக்குண்டு. திறந்துவிட்ட ஷவருக்கு அது இல்லை. இருந்தும் புதுப்பித்த அறைகளில் முதலில் காணாமல் போவது வாளிதான். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கும் என் அம்மாவை அழைத்து வரும்போது, முன்பணம் கட்டுவதற்கு முன் மாடியேறிக் குளியலறையைத் திறந்து பார்க்கிறேன். வாளியும் மக்கும் இல்லையென்றால் அடுத்த விடுதிக்குப் போகிறேன்.