குடியிருப்பவரின் கதவு

அம்பகரத்தூர் உள்ளிட்ட காரைக்கால் பகுதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 18-ல், கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1941-ல் கொள்ளை வழக்கில் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் உத்தரப் பிரதேச போலீஸ் அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, இரவில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. இரவில் வீடு புகும் விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதை மாற்ற 2017-ன் புட்டசாமி தீர்ப்பு வர வேண்டியிருந்தது, 55 ஆண்டுகள்!

இடையில்தான் கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31-ல் நூற்றுக்கணக்கான போலீசார் தலித் வீடுகளுக்குள் புகுந்து பொருள்களை நாசமாக்கினர்.

வாரண்ட் இல்லாமல் சோதனையிடச் சட்டத்தில் வழி உண்டு: பழைய 165-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 185. ஆனால் அதிகாரி காரணத்தை முன்பே எழுத வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். மனு போட்டால் நமக்கும் இலவசமாகக் கிடைக்கும். உள்ளூர்ச் சாட்சிகள் இருவர் வேண்டும், வீடியோ பதிவு வேண்டும். (போதைப்பொருள் வழக்குகளுக்குத் தனி விதிகள்.)

சோதனையின்போது உடனிருக்கவும், எடுத்த பொருள்களின் பட்டியலைக் கையில் வாங்கவும் உரிமையுள்ளவர் யார்? 'குடியிருப்பவர்' என்கிறது சட்டம். வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. அவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாலும் வாடகைக்கு இருப்பவரின் இந்த உரிமை போய்விடாது. பட்டியல் தராமல் போனால், தேதி, நேரம், வந்தவர்களின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புங்கள், தோழர்களே.