டோஃபுவின் நற்பெயரும் பர்கரின் உப்பும்

பத்தாம் நூற்றாண்டுச் சீனத்தில் தாவ் கூ எழுதியதாகச் சொல்லப்படும் நூலொன்றில், சிக்கனமாக வாழ்ந்த ஒரு துணை அதிகாரியைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவர் இறைச்சி வாங்குவதில்லை. தினமும் சில துண்டு டோஃபு வாங்கிக்கொள்வார். ஊர்மக்கள் டோஃபுவுக்கே துணை அதிகாரியின் ஆட்டுக்கறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டோஃபுவைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது ஒன்று. அப்போதே அது இறைச்சியின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்பே, ஆறாம் நூற்றாண்டில், லியாங் வம்சத்துப் பேரரசர் ஊ பௌத்தத் துறவிகளுக்குப் புலால் கூடாதென்று விலக்கியிருந்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் மடங்களின் சமையற்கட்டுகளில் இன்னொரு கைவேலை வளர்ந்தது. கோதுமை மாவை இறுகப் பிசைந்து, ஊறவைத்து, தண்ணீரில் அலசிக்கொண்டே இருப்பார்கள். மாவுச்சத்தெல்லாம் வெள்ளையாகக் கரைந்து போனபின் இழுத்தால் நீளும் புரதம் மட்டும் கையில் மிஞ்சும். அதை வேகவைத்தும் பொரித்தும் கறிபோலச் சமைத்தார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்திய சைவ உணவகங்களில் இன்று கிடைக்கும் ‘சைவ மட்டன்’ இந்த வழியில் வந்ததுதான்.

தாவர இறைச்சியை அன்றாடம் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், இந்த ஆயிரமாண்டுப் பழக்கத்தைத்தான் பலரும் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தச் சான்று டோஃபுவுக்குச் செல்லும். அதே பெயரில் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் செல்லாது என்பதே என் வாதம். மடத்து உணவில் அந்தக் கோதுமைப் புரதம் சோறு, கீரை, காளான் ஆகியவற்றோடு ஒரு பதார்த்தமாக வந்தது. இன்றைய பொட்டலம் வேறொரு வரலாற்றிலிருந்து வந்தது.

அந்த வரலாற்றின் முதல் பாதி ஒரு மருத்துவ விடுதியில் நடக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையார் 1866-இல் தொடங்கிய நிலையம், டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கின் கையில் பெரிய விடுதியாக வளர்ந்தது. புலால் உண்ணாத நோயாளிகளுக்காக அவர் நிலக்கடலையில் ‘நட்டோஸ்’ என்ற பண்டத்தையும், பின்னர் கோதுமைப் புரதமும் கடலையும் சேர்த்து ‘புரோட்டோஸ்’ என்பதையும் டப்பாவில் அடைத்து விற்றார். உடல்நலம் என்ற வாக்குறுதியோடு தாவர இறைச்சி வணிகப் பண்டமானது இங்கேதான். அட்வென்டிஸ்டுகளின் ஆயுளை ஆராய்ந்தவர்களும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சபையாரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் சைவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவென்று கண்டது. வலுவான சான்றுதான். ஆனால் அது ஒரு முழு உணவுமுறைக்கான சான்று. பருப்பும் கொட்டைகளும் பழங்களும் காய்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தே நிற்கின்றன. டப்பாக் கட்லெட்டை மட்டும் தனியே பிரித்து அந்தப் பெருமையை அதற்குச் சூட்ட முடியாது.

இரண்டாம் பாதி எண்ணெய் ஆலையில். சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் பாதியளவு புரதம். கால்நடைத் தீவனமாகப் போய்க்கொண்டிருந்த அதை மனிதர் உண்ணும் பண்டமாக்க 1960-களில் அமெரிக்க நிறுவனங்கள் வழி கண்டன. கொழுப்பு நீக்கிய சோயா மாவில் நீர் சேர்த்து, சுழலும் திருகு கொண்ட குழாயில் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தள்ளுவார்கள். முனையிலுள்ள துளையைத் தாண்டியதும் உள்ளிருக்கும் நீர் சட்டென ஆவியாகி மாவை ஊதிவிடும். உலர்ந்தால் துளைகள் நிறைந்த துண்டுகள். 1971-இல் அமெரிக்க வேளாண் துறை பள்ளி மதிய உணவின் இறைச்சியில் 30 சதவீதம் வரை இதைக் கலக்க அனுமதித்தது. காரணம் இறைச்சியின் விலை. குழந்தைகளின் இதயத்தைப் பற்றிய கவலை இல்லை.

2016-இல் உணவகங்களுக்கு வந்த ‘இம்பாசிபிள் பர்கர்’ என்ற தாவர இறைச்சி பர்கர் இதிலிருந்து இன்னொரு படி தள்ளி நிற்கிறது. இறைச்சி உண்பவரையே திருப்திப்படுத்துவது அதன் நோக்கம். ஆகவே இறைச்சிச் சுவை தரும், சோயாவின் வேரிலுள்ள ஹீம் புரதத்தை ஈஸ்ட் மூலம் தயாரித்துச் சேர்த்தார்கள்; கொழுப்பின் சுவைக்குத் தேங்காய் எண்ணெய். கடைகளில் விற்கும் 113 கிராம் வடையில் 370 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மாட்டிறைச்சியையும் உப்பிட்டுத்தானே சமைக்கிறோம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த உப்பைக் குறைப்பது சமைப்பவர் கையில் இருக்கிறது. இந்த உப்பு ஆலையிலேயே சேர்ந்துவிடுகிறது.

பரிசோதனைகள் நல்லதாகத்தானே சொல்கின்றன என்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேர் எட்டு வாரம் தாவர இறைச்சியும் எட்டு வாரம் விலங்கிறைச்சியும் உண்டார்கள். தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லும் எடையும் சற்றுக் குறைவாக இருந்தன. 2020-இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது தாவர இறைச்சி தயாரிக்கும் பியாண்ட் மீட் நிறுவனம். அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையிலிருந்த சிங்கப்பூர்வாசிகளிடம் எட்டு வாரம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், தாவர இறைச்சி உண்டவர்களுக்கு இதய நலனில் தெளிவான மேன்மை தெரியவில்லை. எட்டு வாரம் எந்தப் பக்கத்துக்கும் போதாது. ‘பதப்படுத்தியது, ஆகவே விஷம்’ என்ற எதிர்ப்பக்கத்தின் கூற்றையும் நான் ஏற்கவில்லை. டோஃபுவும் பதப்படுத்தியதுதான். சோயா ஆண்களின் ஹார்மோனைக் குலைக்கும் என்ற அச்சத்துக்கும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆதாரம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் கணக்கு வேறு. அந்தச் சோயாத் துண்டுகளான மீல் மேக்கர் இங்கே பெரும்பாலும் ஆட்டுக்கறியைத் தள்ளிவிட்டு வரவில்லை. வெஜிடபிள் பிரியாணியிலும் குருமாவிலும் உருளைக்கிழங்கு இருந்த இடத்துக்கு வந்தது. இறைச்சியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு இதற்குப் பதில் சொல்லாது. உலர்ந்த உருண்டை 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம், கொழுப்பு மிகச் சொற்பம். சோறே பிரதானமான தட்டில் அது மெய்யான லாபம். சுண்டலையும் பருப்பையும் நிறுத்திவிட்டு அதையே வைத்தால் லாபம் பெரிதாக ஒன்றுமில்லை. சிலர் அதை எண்ணெயில் முக்கிப் பொரித்து அறுபத்தைந்தாக்கித் தின்கிறார்கள். அப்போது ஆலையில் எடுத்த எண்ணெயை வாணலியில் திரும்ப ஏற்றுகிறோம். முழுச் சைவர்களுக்கு அதில் வைட்டமின் பி12 கிடைக்காது. அதைப் பாலிலோ மாத்திரையிலோதான் தேட வேண்டும். தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும். சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது.