கதைக்கூறும் அணியும் நமக்கு வந்த வழி: தண்டியலங்காரம் முதல் ‘கதை வகுப்பு’ வரை



உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பட்டியல்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று: கருப்பொருள், கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை. மற்றொன்று: உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், வேற்றுமை, பிறிதுமொழிதல். தேர்வு நெருங்கினால் இரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஒன்று பழைய இலக்கணத்திலிருந்து வந்தது. மற்றது பெரும்பாலும் நாளிதழ் வழியாக வந்தது, அதிலும் நம் கோலாலம்பூர் நாளிதழுக்கு அதில் பெரிய பங்கு இருக்கு. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதற்கு எதை எழுதுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பழைய வீடு: செய்யுளும் அணியும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உண்டு. அவற்றில் உவமவியல் என்பது உவமைக்கே ஒதுக்கப்பட்டது. இன்று நாம் தனித்தனி அணிகளாகப் பிரித்துப் படிப்பவற்றுக்கு அங்கே தனி இயல் கிடையாது. தொல்காப்பியருக்கு உவமைதான் தாய். இலக்கிய வகைகளைப் பற்றி அவர் பேசுவது செய்யுளியலில். அங்கே பாட்டோடு பழமொழியும் விடுகதையும் உரையும்கூட இடம் பெறுகின்றன.

பிறகு சமஸ்கிருதத்தின் காவியாதர்சத்தைத் தழுவி, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம் வந்தது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என்று மூன்று பகுதிகள். பொருளணியியலில் மட்டும் 35 அணிகள். தன்மை அணியில் தொடங்கிப் பாவிகத்தில் முடியும். நம் பாடத்தில் வரும் அணிப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த நூலிலிருந்து இறங்கி வந்தவையே. ‘மொழியணி’ என்ற தலைப்பில் இணைமொழி, மரபுத்தொடர், உவமைத்தொடர், இரட்டைக்கிளவி எல்லாம் சேர்த்துப் படிக்கிறோமே, அது நம் நாட்டுப் பாடத்திட்டம் செய்துகொண்ட வசதி. தண்டி சொல்லும் அணியும் பாடத்திட்டம் சொல்லும் மொழியணியும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள்.

புதிய வீடு: சிறுகதை

நாவலும் சிறுகதையும் தமிழுக்கு அச்சு இயந்திரத்தோடு வந்தவை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வந்தது. 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழ் சிறுகதைக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தது. இந்தப் புதிய வகையைப் பேச உவமையும் உருவகமும் போதவில்லை. கதை எங்கே தொடங்குகிறது, யார் சொல்கிறார், எங்கே திரும்புகிறது என்று கேட்கப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, நோக்குநிலை போன்றவை அந்தத் தேவையில் பிறந்த சொற்கள்.

நம் பக்கத்திலும் இந்த வரலாறு பின்தங்கி இல்லை. சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழை நடத்திய மகதூம் சாயபு 1888இல் எழுதிய ‘வினோத சம்பாஷணை’யில் சிறுகதையின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வந்தது. வே. சின்னையா பிள்ளையின் ‘நவரச கதா மஞ்சரி’ என்ற கதைத் தொகுப்பு 1930இல் வந்தது. அதன் தலைப்பிலேயே ‘நவரசம்’ என்ற பழைய இலக்கணச் சொல் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். சரக்கு புதிது, பெயர்ப்பலகை பழையது!

பள்ளி தராததை நாளிதழ் தந்தது

அன்றைய தோட்டப்புறத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிகளும் வந்தன. ஆனால் தமிழ்ப்பள்ளி என்றால் தொடக்கப்பள்ளியோடு சரி. விடியலில் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, மாலையில் லயத்துக்குத் திரும்பும் ஓர் இளைஞர் ‘கதை எழுதுவது எப்படி’ என்று யாரிடம் கேட்பார்? இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் என்பது அவருக்கு எட்டாத ஒன்று.

அந்த இடத்தை நாளிதழ்கள் நிரப்பின. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இரண்டும் செய்தித்தாளாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்தன.

1950-51இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை என்றால் என்ன, அதை எப்படி எழுதுவது என்று நாளிதழிலேயே பாடம்! அது அவசரகாலம். 1948இல் அறிவிக்கப்பட்ட அந்த நிலை 1960 வரை நீடித்தது. பல தோட்டங்களில் முள்வேலியும் ஊரடங்கும் இருந்தன. ஆள் கூடிப் படிக்க முடியாத காலத்தில், தாளில் வந்த வகுப்பு லயத்து வாசல் வரைக்கும் போனது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதியவர்கள் இந்த வகுப்பை ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடுவது இதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கதைக்கூறுகள் நம் நாட்டில் பரவலாகக் கற்பிக்கப்பட்டபோது, அவை எழுதுகிறவருக்கான கருவிகளாகவே வந்தன. தேர்வு விடைக்கான தலைப்புகளாக அவை மாறியது பிறகு.

அழகிரிசாமியின் இலக்கிய வட்டம்

1952இல் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தமிழ் நேசனில் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்தார். அவர்தான் இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி. 1957 வரை இங்கே இருந்தார். அவர் நடத்திய ‘இலக்கிய வட்டம்’ கூட்டங்களில் இளம் எழுத்தாளர்கள் தங்கள் கதைகளை நடுவில் வைத்து விவாதித்தார்கள். கதை வகுப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தது என்றால், இலக்கிய வட்டம் எழுதியதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் படிக்கச் சொல்லிக் கொடுத்தது.

எஸ்.பி.எம். இலக்கியத்தில் நாடக நூலாக வந்த ‘கவிச்சக்கரவர்த்தி’யை எழுதியவர் இதே அழகிரிசாமிதான். அந்தப் பெயரைத் தேர்வுக்காக எழுதிய எத்தனை மாணவர்களுக்கு, அவர் நம் தலைநகரில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது தெரியும்? ஆசிரியர்கள் நூலாசிரியர் அறிமுகத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம்.

இந்த ஓட்டம் அதோடு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் சிறுகதைப் போட்டி நடத்தி, ‘பேரவைக் கதைகள்’ என்று தொகுத்து வருகிறது. தேர்வுக்குப் படித்த கதைக்கூறுகளைக் கொண்டு நீங்களே ஒரு கதை எழுதி அனுப்ப இப்படி ஒரு வாசல் இருக்கு.

‘கருப்பொருள்’ என்னும் குழப்பம்

இந்த வரலாறு விடைத்தாளில் எங்கே உதவும்? முதலில் ஒரு சொல்லில். நாவல் கேள்வியில் ‘கருப்பொருள்’ என்றால் படைப்பின் மையக் கருத்து. ஆனால் அகத்திணையில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை. சொல் ஒன்று, வீடு இரண்டு. சங்கப் பாடலுக்குக் கருப்பொருள் கேட்டால் மையக் கருத்தை எழுதுவதும், நாவலுக்குக் கேட்டால் ஊரையும் தொழிலையும் எழுதுவதும் இதனால் வரும் தடுமாற்றம்.

அப்படியென்றால் மையக் கருத்துக்குப் பழைய இலக்கணத்தில் பெயரே இல்லையா? இருக்கு. தண்டியலங்காரத்தின் கடைசி அணியான பாவிகம் அதுதான். மற்ற அணிகள் ஒரு செய்யுளில் நிற்கும். பாவிகம் ஒரு காப்பியம் முழுவதிலும் பரவி நிற்கும். சிலப்பதிகாரப் பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறதே, அதைப் பாவிகத்துக்குச் சான்றாக எண்ணிப் பாருங்கள். ஆகவே, கருப்பொருளை ஒரே பக்கத்திலிருந்து எடுத்து எழுதக்கூடாது. கதை முழுதும் அது பரவி இருப்பதை இரண்டு மூன்று இடங்களைக் காட்டி நிறுவ வேண்டும்.

இரண்டு வீடும் சேரும் இடம்

காஜாங் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த பூமி. அந்தத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட கதையில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘சீவிய மரத்தில் பால் இறங்குவதுபோல் அவள் கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது.’

‘இது உவமை’ என்று மட்டும் எழுதினால் விடை பாதியில் நிற்கும். மேலே போங்கள். பால்மரம் கதையின் பின்னணியிலிருந்து வந்தது. தினமும் மரத்தைச் சீவுகிறவள், இப்போது தானே சீவப்பட்ட மரமாக நிற்கிறாள். இது பாத்திரப்படைப்பு. உழைப்பைத் தந்தவர்கள் வடுவோடு நிற்கிறார்கள் என்பது கருப்பொருள். ஒரே உவமையில் அணியும் கதைக்கூறும் கைகோத்துவிட்டன. கடலையோ தாமரையோ உவமையாக வைத்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது. உள்ளுறை உவமத்தைத் திணையின் கருப்பொருளிலிருந்து எடுக்கச் சொன்ன தொல்காப்பியரின் கணக்கும் இதுதானே!

மாணவர்களே, அடுத்த முறை ஒரு கதையைப் படித்ததும் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்.

1. இந்தக் கதையை வேறு ஊருக்கு மாற்றினால் எது உடையும்? (பின்னணி)
2. இந்தப் பாத்திரம் வேறு முடிவு எடுத்திருந்தால் கதை எங்கே நின்றிருக்கும்? (பாத்திரப்படைப்பு, கதைப்பின்னல்)
3. இந்த உவமையை எடுத்துவிட்டால் எதை இழப்போம்? (அணி, கருப்பொருள்)

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியலைக் கரும்பலகையில் எழுதும் முன், வகுப்பில் அரைப்பக்கக் கதை ஒன்றை எழுதச் சொல்லுங்கள். எழுதிப் பார்த்தவருக்குப் பின்னணி என்பது என்னவென்று விளக்க வேண்டியிருக்காது. 1950இல் தோட்டத்து இளைஞருக்கு நாளிதழ் கொடுத்த வாய்ப்பு அது. இடைநிலைப்பள்ளி வரை வந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாமா?