அடி விழும் இடம் மாறியபோது: பிலிப்பைன்ஸ் கோற்கலை உடற்பயிற்சியான வரலாறு

மொன்றியலின் கோத்-தெ-நேஜ் பகுதியில் ஈழத்தமிழரும் பிலிப்பினோ மக்களும் நெடுங்காலமாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்து வருகின்றனர். கம்பை ஆயுதமாகக் கொண்ட மரபுக்கலை இரு சமூகங்களுக்கும் உண்டு. அவர்களுடையது அர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்னும் மூன்று பெயர்களில் வழங்குகிறது. நம்முடையது சிலம்பம், ஈழத்தில் சிலம்படி. இவ்விரண்டில் பிலிப்பைன்ஸ் கலை இன்று வட அமெரிக்க நகரங்களின் பயிற்சிக் கூடங்களில் உடலுறுதிப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகிறது. பிலிப்பினோ வம்சாவளியினர் அல்லாதவர்களும் காசு கட்டிக் கற்கின்றனர். இது அண்மைக்கால ஜிம் வணிகத்தின் விளைவு என்றே பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கோற்கலை உடற்பயிற்சியாக மாறியது பிலிப்பைன்ஸ் நாட்டின் உடற்கல்வி வகுப்புகளில்தான். அம்மாற்றத்தைச் செய்தவர்கள் அக்கலையின் ஆசான்கள்.

தோற்றம் பற்றிய கதைகள்

1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் உள்ளூர்த் தலைவன் லாப்பு-லாப்புவின் வீரர்கள் கடலோடி மகெல்லனைக் கொன்றனர். அப்போரிலிருந்தே கோற்கலையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பின்னர் ஸ்பானியர் இக்கலையைத் தடைசெய்ததாகவும், மக்கள் அதை 'மோரோ-மோரோ' நாடக மேடையில் ஆட்டமாக மறைத்துக் காத்ததாகவும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் இக்கதைக்குச் சான்றுகளின் வலு போதாது. நெட் நெப்பாங்கே, செலஸ்தீனோ மகாச்சோர் ஆகிய செபு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட நூல் இக்கதைகளை நேரடியாகக் கேள்விக்குள்ளாக்கியது. விசாயத் தீவுகளின் கரையோர ஊர்கள் தெற்கிலிருந்து வந்த மோரோ (தென்தீவு முஸ்லிம்) கடற்படையெடுப்புகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தற்காப்புத் தேவையிலிருந்து, ஸ்பானிய ஆட்சிக் காலத்திலேயே இக்கலை வளர்ந்தது என்பது அவர்களின் கருத்து. கலைச்சொற்களும் அதற்கு இசைகின்றன. நீண்ட வாளையும் குத்துவாளையும் இரு கைகளில் ஏந்தும் முறைக்கு இன்றும் 'எஸ்பாடா இ தாகா' என்ற ஸ்பானியப் பெயரே நிலைத்திருக்கிறது. அடக்கப்பட்ட கலை என்ற பெருமையைவிட, கலந்து வளர்ந்த கலை என்ற உண்மையே எனக்கு வலுவாகத் தெரிகிறது.

சிலம்பத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் சிலம்பத்தைத் தடைசெய்தனர் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பின், 1801 டிசம்பரில் பாளையப் பகுதிகளில் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும் அறிவிப்பைச் சென்னை அரசு வெளியிட்டது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டு, கள்ளர் முதலான சமூகங்களைக் காவல் கண்காணிப்பில் அடைத்தது. இவை இரண்டும் ஆவணங்களில் உறுதியாக நிற்பவை. சின்ன மருது தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத்தந்ததைக் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆயுதம் பறிபோன வரலாற்றை இவற்றைக் கொண்டு எழுதலாம். தனியாக ஒரு சிலம்பத் தடைச்சட்டத்தைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

செபுவின் சங்கங்கள்

குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் புழங்கிய கோற்கலை சங்கம் கண்டது அமெரிக்க ஆட்சிக் காலத்தில். செபு நகரில் 1920இல் லபாங்கோன் வாட்போர்க் கழகம் தோன்றியது. அது கலைந்தபின், 1932இல் சாவேத்ரா, கன்யேத்தே குடும்பத்தார் முன்னின்று 'தோசே பாரெஸ்' கழகத்தை நிறுவினர். 1952இல் வெனான்சியோ பாக்கோன் அதிலிருந்து பிரிந்து பாலிந்தவாக் பள்ளியைத் தொடங்கினார். பாலிந்தவாக்கில் ஒற்றைக் கோல் மட்டுமே; நெருங்கி நின்று, ஒரு கையால் அடித்து மறுகையால் தடுப்பார்கள். இவ்விரு கழகத்தாரிடையே போட்டி கடுமையாக இருந்தது. சவால் விட்டு, காப்புக் கவசமின்றி மோதுவதே திறமைக்கு அளவுகோல். அப்படிப்பட்ட கலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்க எந்தத் தலைமையாசிரியரும் துணியமாட்டார்.

ரெமி பிரேசாஸ் செய்த மாற்றம்

ரெமி பிரேசாஸ் 1936இல் நேக்ரோஸ் தீவின் ஹினிகாரான் ஊரில் பிறந்தவர். தாத்தா லியோனிடம் சிறுவயதிலேயே கோல் பிடித்தார். பின்னர் செபு சென்று பாலிந்தவாக் முறையையும் கற்றார். ஜூடோவும் கராத்தேயும் பயின்றார். பக்கோலோட் நகரில் பயிற்சிக்கூடம் நடத்தியதோடு, நேக்ரோஸ் ஒக்சிடென்டல் – ரெக்கொலெட்டோஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் கற்பித்தார். அங்கேதான் அவர் தன் கலையின் நிலையை நேரில் கண்டார். இளைஞர் கூட்டம் ஜப்பானியக் கலைகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே வெள்ளைச் சீருடை, பட்டை, படிநிலைத் தேர்வு எல்லாம் இருந்தன. அர்னிஸில் இருந்ததோ வீங்கிய விரல்கள்.

விரல் வீங்கியதற்குக் காரணம் கலையின் அடிப்படை உத்தியே. ஆயுதம் ஏந்திய கையை முதலில் அடி. கை விழுந்தால் ஆயுதம் விழும் என்பது பழைய பாடம். போரில் இதைவிடச் சிறந்த அறிவுரை இல்லை. ஆனால் பயிற்சியிலும் அப்படியே செய்தால் மாணவனின் மணிக்கட்டும் விரல்முட்டியும் தாங்கா. ஒரு வாரம் வந்தவன் மறுவாரம் வரமாட்டான். பிரேசாஸ் பயிற்சியில் அடி விழும் இடத்தை மாற்றினார். கையை அடிக்காமல், எதிராளியின் கோலைக் கோலால் அடிக்கச் சொன்னார். சிறிய மாற்றம்தான். ஆனால் இக்கலையின் பிந்தைய வரலாறு முழுவதும் இதிலிருந்தே விரிகிறது என்று கருதுகிறேன்.

கோலும் கோலும் மோதும்போது வலி இல்லை, ஓசை உண்டு. ஓசை வந்ததும் தாளம் வந்தது. ஒரு வகுப்பு முழுவதையும் இணை இணையாக நிறுத்தி, ஒரே எண்ணிக்கைக்கு ஆடவைக்க முடிந்தது. தாளம் தப்பிய இணையை ஆசிரியர் காதாலேயே கண்டுகொள்ளலாம். பிரேசாஸ் அடிகளைப் 12 கோணங்களாக வகுத்தார்: நெற்றிப்பொட்டின் இருபுறம், தோளின் இருபுறம், வயிற்றுக்குக் குத்து, மார்பின் இருபுறம், முழங்காலின் இருபுறம், கண்கள் இரண்டு, கடைசியாக உச்சந்தலை. கோணங்களை எண்ணிக் கற்பிக்கும் பழக்கம் பழைய பள்ளிகளிலும் உண்டு. அதைப் பாடத்திட்டமாக்கி, சீருடையும் பட்டையும் சேர்த்து 'நவீன அர்னிஸ்' என்று பெயரிட்டது அவருடைய பணி. 1969இல் அவர் மணிலாவுக்குப் போனார். 1974இல் நவீன அர்னிஸ் பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கோலைக் கோலால் அடிப்பவன் எதிராளியிடமிருந்து சற்றே விலகி நிற்கப் பழகிவிடுகிறான். கைக்கு எட்டும் தூரம் எது என்ற கூர்மையான உணர்வு மழுங்குகிறது. அதை மீட்பதற்காகவே நல்ல ஆசான்கள் இன்றும் மெத்தை சுற்றிய கோலைக் கொடுத்து, கையை அடிக்கும் பழைய பயிற்சியைத் தனியே வைத்திருக்கின்றனர்.

கலிபோர்னியாவும் திரையும்

கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் வரலாறு வேறு வழியில் போயிற்று. அஸ்பராகஸ் தோட்டங்களில் வேலை செய்த பிலிப்பினோ ஆண்கள் முகாம்களில் கோற்கலையைத் தமக்குள் வைத்திருந்தனர். 1966இல் ஏஞ்சல் கபாலெஸ் அங்கே எல்லாருக்கும் திறந்த பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதே ஊரில் 1936இல் பிறந்த டான் இனோசாண்டோ உடற்கல்வி ஆசிரியர். புரூஸ் லீயின் நெருங்கிய மாணவர். 1973இல் வெளிவந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீ இரட்டைக் கோல் சுழற்றியதை உலகமே பார்த்தது. நம் ஊரில் 'பெரிய இடத்துப் பெண்' (1963) போன்ற எம்.ஜி.ஆர். படங்களின் சிலம்பச் சண்டைகள் செய்த வேலையை அங்கே அந்தப் படம் செய்தது.

உடற்பயிற்சியின் வரலாற்றில் இனோசாண்டோவின் பெரிய பங்கு திரையில் இல்லை. அமெரிக்கக் கால்பந்து அணியான டல்லஸ் கவ்பாய்ஸின் உடல்தகுதிப் பயிற்சியாளர் பாப் வார்டு, அவரை அணியினருக்குக் கற்பிக்க அழைத்தார். எதிர்வரிசையின் கைகளைத் தட்டி விலக்கிப் பாயவேண்டிய தற்காப்பு வீரர்களுக்குக் கோற்பயிற்சி தந்த கைவேகம் நேரடியாக உதவிற்று. அவர்களில் ராண்டி ஒயிட் இதில் முழுமூச்சாக இறங்கினார். பின்னாளில் 1994இல் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். வேறொரு விளையாட்டின் வீரனுக்கு உடல்தகுதி தரும் பயிற்சியாகக் கோற்கலை பயன்பட்டதற்குத் தெளிவான முன்னுதாரணம் இது. இதைத் தொடங்கிவைத்தவரும் ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாய்நாட்டில் இதே காலத்தில் போட்டி வடிவம் உருவானது. 1979இல் தேசியப் போட்டி. 1989இல் செபுவில் முதல் உலகப் போட்டி, தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்து. 2009 டிசம்பரில் அதிபர் அரோயோ கையெழுத்திட்ட 9850ஆம் குடியரசுச் சட்டம் அர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக்கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. பள்ளி மாணவர்க்கான தேசிய விளையாட்டு விழாவில் முதல் நாள் முதல் போட்டி அர்னிஸாகவே இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. பிரேசாஸ் அதைக் காண இருக்கவில்லை. 1970களின் நடுவில் நாட்டைவிட்டு வெளியேறி, வட அமெரிக்கா எங்கும் பயிலரங்குகள் நடத்திய அவர், 2001 ஆகஸ்ட் 28 அன்று கனடாவின் விக்டோரியா நகரில் காலமானார்.

மொன்றியல் அரங்கு

கலிபோர்னியாவுக்குத் தோட்டத் தொழிலாளரான ஆண்கள் வந்தார்கள். கனடாவுக்கு வந்த பிலிப்பினோக்களில் பெண்களே மிகுதி: 1960களிலிருந்து தாதியர், 1981, 1992 ஆண்டுகளின் வீட்டுப் பணியாளர் திட்டங்களின்கீழ் பராமரிப்பாளர்கள். மொன்றியலில் முகாம்களில் பேணப்பட்ட கோற்கலை மரபு உருவாகாததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. இங்கே அது பெரும்பாலும் பயிலரங்குகள் வழியாக, புரூஸ் லீயின் ஜீத் குன் டோ போன்ற பிற கலைகளைக் கற்பிக்கும் கூடங்களின் ஒரு பாடமாக வந்து சேர்ந்தது. பல கலைகளைக் கலந்து பயிலும் வழக்கம் இந்நகரில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கலப்புத் தற்காப்புக்கலை வீரர் ஜோர்ஜ் சென்-பியேர் பயின்ற டிரைஸ்டார் கூடம் கோத்-தெ-நேஜிலேயே இருக்கிறது.

இன்னொரு காரணம் மிக எளிமையானது: கூரை. மொன்றியலின் குளிர்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். நிலவறைக் கூடங்களிலும் பள்ளி மண்டபங்களிலும்தான் பயிற்சி. அர்னிஸ் கோலின் வழக்கமான நீளம் 28 அங்குலம். கனம் ஏறத்தாழ ஓர் அங்குலம். சிலம்பக் கம்போ ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு நிற்கும். தாழ்ந்த கூரையின் கீழ் அதைத் தலைக்குமேல் சுழற்ற முடியாது. குட்டைக் கோலை இரண்டு கையிலும் ஏந்தி ஒரு சதுரப் பாய்க்குள் ஆடலாம்.

கோல் செய்யும் பொருளும் பயிற்சிக்கு ஏற்றது. அது நாற்காலி பின்னும் அதே பிரம்பு. உள்ளே வெற்றிடம் இல்லாததால் அடிபட்டால் பிளந்து சிம்பு தெறிக்காது. நார் நாராக மெல்லப் பிரியும். தோலை நெருப்பில் வாட்டி இறுக்குவார்கள். அதனால் கைக்குச் சுமையாக இராமலே ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கும்.

பயிற்சியின் உயிர் 'சினவாலி' எனப்படும் இரட்டைக்கோல் பின்னல். ஆறு எண்ணிக்கை கொண்ட அடிப்படை முறையில், இருவர் எதிரெதிரே நிற்பார்கள். வலக்கோல் வலத்தோளுக்கு மேல். இடக்கோல் வலக்கையின் கீழே வலத்து அக்குளுக்குள் செருகியிருக்கும். வலக்கை அடிக்கும், இடக்கை புறங்கையாக அடிக்கும், மீண்டும் வலக்கை புறங்கையாக. இப்போது கைகள் இடம் மாறியிருக்கும். அடுத்த மூன்றும் இடக்கையிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு அடியிலும் கை உடலின் நடுக்கோட்டைக் கடக்கிறது. இடுப்பு திரும்பினால்தான் கோலுக்கு விசை வரும். இரண்டு நிமிடம் தொடர்ந்தால் முன்கை எரியும், மூச்சு வாங்கும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கையும் சம வேலை செய்யக் கற்கிறது. எதிரே நிற்பவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் கண்ணும் கவனமும் ஓய்வதில்லை. ஓடும் பொறியில் நடப்பவர் கைப்பேசி பார்க்கலாம். சினவாலியில் அது நடவாது. பிடியை ஓயாமல் இறுக்குபவருக்கு முழங்கைத் தசைநாண் வலி வரும் என்பதையும், கண்காப்புக் கண்ணாடி இன்றிப் பழகக் கூடாது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

எதிராளி இல்லாமல், இசைக்கு ஏற்பக் கோலை வீசிக் கலோரி கரைக்கும் வகுப்புகளை நான் இக்கலையின் வளர்ச்சியாகக் கருதவில்லை. வியர்வை வரும், கலை வராது. தூரமும் நேரமும் அறிவது எதிரே ஓர் ஆள் நிற்கும்போதுதான். பிரேசாஸ் வலியை நீக்கினார், எதிராளியை நீக்கவில்லை.

நமக்கு முன் உள்ள பணி

சிலம்பமும் இப்போது அதே பாதையில் நடக்கிறது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சீனடி, சிலம்படி ஆகிய தற்காப்புக்கலைகளின் வரிசைகளைப் பேணுகின்றனர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரின் காலத்திலிருந்து வளர்ந்த கனடியத் தமிழ்ச் சமூகத்தில், கோயில் மண்டபங்களும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் இருக்கின்றன. அங்கே பரதமும் மிருதங்கமும் ஒழுங்கான பாடத்திட்டத்தோடு கற்பிக்கப்படுகின்றன. சிலம்பம் பெரும்பாலும் விழா மேடையின் பத்து நிமிட நிகழ்ச்சியாக நின்றுவிடுகிறது.

மொன்றியல் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகிகள் இதை மாற்றலாம். காலடி, வீச்சு, தொடுமுறை ஆகியவற்றைப் படிப்படியாக வகுத்து, வாரம் ஒரு மணிநேர உடற்கல்வியாகச் சிறுவருக்கும் சிறுமியருக்கும் கொடுங்கள். கூரை தாழ்வாக இருந்தால் குட்டைக் கம்பில் தொடங்குங்கள். கோடையில் பூங்காவில் நெடுங்கம்பைக் கொடுக்கலாம். ஊரில் கற்ற முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் வரிசைகளைக் காணொளியில் பதிவுசெய்யுங்கள். பக்கத்துத் தெருவில் பிலிப்பினோ ஆசான் ஒருவர் வகுப்பு நடத்தினால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு மரபுக்கலையை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை அவர்கள் நமக்கு முன்பே கற்றவர்கள்.