ஷாக்குக்கு முன்னால் ஒரு டயர்த் துண்டு

ஷாக் அப்சார்பர் போய்விட்டால் டிரைவரைவிடப் பின்சீட்டு அக்காமார்களுக்குத்தான் முதலில் தெரியும். போன ஆடியில் ஒருநாள், காலை ஆறு மணி இருக்கும், கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று கேரள எல்லையிலுள்ள குமுளியில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. டயரில் காற்றுப் பார்க்கச் சொன்னார் டிரைவர். பின்னால் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "தம்பி, காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கும். இடப்பக்கம் ஷாக்கைப் பாரு. மூணு நாளா இடுப்புல குத்துது" என்றார்.

குனிந்து பார்த்தேன். எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து, அடை போலக் காய்ந்திருந்தது. துணியால் துடைத்ததும் சொட்டை தெரிந்தது. முன்சக்கரம் எற்றிவிட்ட கல் நேராக வந்து அடித்த இடம் அது. அந்த ஜீப்பில் ஷாக்குக்கு முன்னால் எந்த மறைப்பும் இல்லை. அப்பா இருந்திருந்தால் வண்டியை அப்படியே அனுப்பியிருக்க மாட்டார்.

அப்பா கம்பத்துக்காரர். 1960களின் தொடக்கத்தில் மலையேறி வந்து குமுளியில் ஒர்க்‌ஷாப் வேலைக்குச் சேர்ந்தார். நான் அவரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். இந்த மலையில் ஜீப்பும் கல்லும் மோதிக்கொண்ட கதையை அவர் சொல்லியும் நான் பார்த்தும் அறிந்த வரையில் எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஜீப் வருவதற்கு முன்னால் இந்த மலையில் சுமை ஏற்றியவை மாடும் கழுதையும் மனிதத் தலையும்தான். 1887 முதல் 1895 வரை பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் மலையேறின. பார வண்டிக்கு வில் கிடையாது. அச்சின் மேலேயே பலகை. சக்கரம் கல்லில் ஏறினால் சுமையும் கூடவே ஏறி இறங்கும். ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏறிப் போன வண்டிக்குத்தான் இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த வில் இருந்தது. அதனால்தான் அதற்கு வில் வண்டி என்று பேர். ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கை அப்பா காலத்து ஆட்கள் ‘வில்லு’ என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் வண்டியிலிருந்து ஜீப்புக்கு ஏறி வந்தது.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரம் வந்த காலத்திலேயே மகிந்திரா நிறுவனம் பாகங்களாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அப்பா முதலில் கைவைத்தது சிஜே 3பி. பானெட் உயரமான வண்டி. 1953இல் அமெரிக்காவில் வந்த அந்த மாடலை இந்தியாவில் பல பத்தாண்டுகள் செய்தார்கள். பெட்ரோல் இன்ஜின் போய் டீசல் வந்தது, உடம்பு நீண்டது, கமாண்டர் வந்தது, மேஜர் வந்தது. அடியில் மட்டும் பெரிய மாற்றமில்லை. நாலு மூலைக்கு நாலு கட்டு பட்டை, நாலு ஷாக். சிஜேயில் பட்டைக்கட்டு அச்சுக்கும் கீழே தொங்கும். அதற்கும் அடியில் யு போல்ட் பூட்டிய தகடு. அந்தத் தகட்டு முளையில்தான் ஷாக்கின் கீழ்க்கண் மாட்டியிருக்கும். வண்டியிலேயே தரைக்கு மிக நெருக்கமான பொருள்களில் ஒன்று அது. கல்லுக்கு வாகாகப் பார்த்து வைத்த மாதிரி இருக்கும்.

கல் என்றால் எந்தக் கல்? தோட்டத்து ரோடு போட மலைப்பாறையை உடைத்து, பெரிய கல்லைச் செங்குத்தாக நட்டு, இடுக்கில் சில்லு போட்டு, மேலே மண்ணைப் பரப்புவார்கள். ஒரு தென்மேற்குப் பருவம் கடந்தால் மேல்மண் ஓடையோடு போய்விடும். நட்ட கல்லின் முனை வெளியே நிற்கும், சில்லு தளர்ந்து கிடக்கும். முனை டயரைக் கிழிக்கும். ஷாக்கைக் கெடுப்பது சில்லு. முன்சக்கரம் அதைப் பிடித்துப் பின்னால் எறியும். ஆகவே பின் ஷாக்கின் முன்முகத்தில்தான் அடி விழும். ஐப்பசி கார்த்திகையில் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஜீப்பின் பின் ஷாக்கைத் தடவினால், அம்மை போட்ட முகம் மாதிரி அந்த ஒரு பக்கம் மட்டும் குழிகுழியாக இருக்கும்.

ஷாக்கின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, பட்டை. கல்லில் ஏறிய பட்டை அமுங்கி, திரும்ப எம்பி, மறுபடி அமுங்கி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக். உள்ளே எண்ணெய், நடுவில் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் அந்தத் துளை வழியாக நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியேறிவிடும். தோட்டத்து ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடி வந்த ஜீப்பின் ஷாக்கில் கைவைத்தால் சுட வேண்டும். நாலில் ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது செத்த ஷாக். மீட்டர் ஒன்றும் வேண்டாம், உள்ளங்கை போதும் என்று அப்பா சொல்லுவார்.

பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் ஓரளவு அடங்கும். அதனால் ஷாக் இல்லாமலும் ஜீப் ஓடும். இந்தத் தொழிலில் எனக்கு மனம் கொதிக்கிற இடம் இதுதான். பிரேக் போனால் வண்டியை நிறுத்துகிறார்கள், கிளட்ச் போனால் நிறுத்துகிறார்கள். ஷாக் போனால் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். "பட்டை இருக்குல்லண்ணே, ஓடட்டும்" என்பார்கள். ஷாக் கிடைக்காத காலத்துப் பேச்சு அது. 1961இல் கேப்ரியல் இந்தியா நிறுவனம் தொடங்கி இங்கேயே ஷாக் செய்தார்கள். இன்றைக்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது, அந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. ஷாக் இல்லாத சக்கரம் ஈரக்கல்லில் தரையோடு ஒட்டி நிற்காது, துள்ளும். துள்ளுகிற சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயன் இல்லை. இந்த மலை வளைவுகளில் தோட்டத் தொழிலாளர் ஜீப்புகள் எத்தனை கவிழ்ந்திருக்கின்றன என்பது கம்பத்திலும் கூடலூரிலும் வீடு வீடாகத் தெரியும். எல்லாமே ஷாக்கால் என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மீறி ஏற்றுவதும் அவசரமும் பெரிய காரணங்கள். ஆனால் ஷாக்கை அற்பம் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

கல்லடியில் இரண்டு வகை உண்டு. வெளிக்குழாயில் விழும் அடி ஒன்று. நம் ஜீப்புகளில் பெரும்பாலும் இரட்டைக் குழாய் ஷாக்தான். வெளிக்குழாய் லேசாக ஒடுங்கினாலும் உள்குழாயில் பிஸ்டன் ஓடும். உள்குழாய் வரை அமுங்கினால்தான் இறுகும். இன்னொன்று தண்டில் விழும் அடி. அது மோசமானது. மேலே இருக்கும் புழுதி மூடி துருப்பிடித்துக் கழன்றுவிட்டால், பளபளப்பான தண்டு கல்லுக்கு நேராக நிற்கும். அப்பா தண்டைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே மெதுவாக இழுப்பார். ஓரிடத்தில் நகம் தட்டும். அந்த இடத்தை என் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுவார். கடுகில் பாதி இருக்காது அந்த வடு. ஆனால் ஒவ்வொரு முறை தண்டு ஏறி இறங்கும்போதும் அது ரப்பர் சீலை அரம் போல அராவும். ஒரே மாதத்தில் எண்ணெய் கசியும், எண்ணெயில் புழுதி ஒட்டும், ஒட்டிய புழுதி மிச்சத்தையும் அறுக்கும்.

இதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முதலில் செய்த வைத்தியம் தவறான வைத்தியம். பழைய லாரி ட்யூபை வெட்டி ஷாக்கைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டினோம். 80களில் பல வண்டிக்கு அப்படித்தான் செய்து அனுப்பினோம். மழைக்காலம் முடிந்து அவிழ்த்தபோது உள்ளே சேறும் தண்ணீரும் தங்கி, வெளிக்குழாய் அப்பளம் மாதிரி நொறுங்கிவந்தது. துரு மட்டும் இல்லை. போர்த்திய ஷாக் சூட்டை வெளியேற்ற முடியாது. சூடேறிய எண்ணெய் நீர்த்து, நுரைத்து, மலை இறங்கும் நேரத்தில் ஷாக் கையை விரித்துவிடும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக் கப்பி ரோடுகளிலும் இதே சிக்கல்தான். மைல் கணக்கில் வரிவரியாக அரித்த ரோட்டில் ஷாக் கொதித்துப் போகும். அங்கேயும் கல்லும் சூடும் சேர்ந்தேதான் ஷாக்கைக் கொல்கின்றன.

கட்டக் கூடாது, தொங்கவிட வேண்டும் என்ற முடிவுக்கு அப்பா வந்தது அதற்குப் பிறகுதான். தேய்ந்த ஜீப் டயரின் பக்கச்சுவரை எடுத்துக்கொள்வார். ஓடுபாகம் வேண்டாம், அது விறைப்பு. கத்தியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி ஒன்றரைச் சாண் நீளம், ஒரு கை அகலத்துக்கு அறுப்பார். சேஸில் இருக்கும் ஓட்டையில் பட்டை இரும்பைப் பூட்டி, அதில் இரண்டு போல்ட்டால் அந்தத் துண்டை மாட்டுவார். ஷாக்குக்கும் ரப்பருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கல் வந்தால் ரப்பர் ஊஞ்சல் மாதிரி ஆடி அடியை வாங்கிக் கீழே தள்ளிவிடும். காற்று போய்வரும், சேறு தங்காது. வண்டி முழுச் சுமையோடு இருக்கும்போது ஒரு தடவை, ஜாக்கி போட்டுத் தூக்கி ஒரு தடவை, எங்கும் உரசுகிறதா என்று பார்ப்பார். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு ரப்பரும் நீளமாகப் போட்டால் பாதிக் கல் அங்கேயே நின்றுவிடும். தகரத்தில் கவசம் செய்து பூட்டியவர்களும் உண்டு. தகரம் ஒடுங்கி ஷாக்கிலேயே சாயும், இடையில் கல் சிக்கினால் குழாயைத் தேய்க்கும். எனக்குத் தகரத்தில் நம்பிக்கை இல்லை.

வருஷத்தில் ஒருநாள் எங்கள் வேலைக்குப் பரீட்சை வரும். சித்ரா பௌர்ணமி. பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு அந்த ஒருநாள்தான் பக்தர்களை விடுவார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவார்கள். குமுளியிலிருந்து காட்டு ரோட்டில் ஜீப் போகும். கல்லும் பள்ளமும் செங்குத்தும் கொண்ட ரோடு. விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஜீப் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். முன்னால் போகும் ஜீப் தளர்த்திவிட்ட கல் பின்னால் வரும் ஜீப்புக்கு. அதற்காகவே முன்கூட்டி மோட்டார் வாகனத் துறை ஜீப்புகளைச் சோதித்து அனுமதி தருகிறது. அந்த வாரம் முழுக்க எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி விளக்கு அணையாது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எந்த ஜீப்பின் ஷாக் உலர்ந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். நானும் எண்ணுகிறேன்.

இப்போது மகிந்திராவின் ‘தார்’ ஜீப் வந்துவிட்டது. 2020இல் வந்த புது தாரில் பின்னால் பட்டையே இல்லை, சுருள் ஸ்பிரிங். சுருளில் உரசல் கிடையாது, ஆட்டம் முழுவதையும் ஷாக் ஒன்றே அடக்கியாக வேண்டும். சத்திரம் என்கிற மலைப்பகுதிப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிறவர்கள் ஷாக் போனால் அன்றைக்கே மாற்றுகிறார்கள், சவாரி குறைந்துவிடும் என்று. அதே அக்கறை அதிகாலை ஐந்து மணிக்குக் கம்பத்திலிருந்து புறப்படும் ஜீப்புக்குக் கிடைப்பதில்லை. பழைய ஜீப், பழைய ஷாக், பின்அச்சுக்கு நேர் மேலே பெண்கள். கல்லடி முழுவதும் அவர்கள் இடுப்புக்குப் போகிறது. பகல் முழுக்கக் குனிந்து ஏலக்காய் எடுக்க வேண்டிய இடுப்பு.

அன்றைக்கு வந்த ஜீப்பில் இரண்டு பின் ஷாக்கையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் துள்ளும். டிரைவர் முதலில் தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார். டயர்த் துண்டு இரண்டும் தொங்கவிட்டுக் கொடுத்தேன், அதற்குக் காசு வாங்குவதில்லை.

ஆள் ஏற்றி ஜீப் ஓட்டுகிற தம்பிமார்களுக்கும், அந்த ஜீப்பை அனுப்பச் சொல்கிற தோட்டக்காரர்களுக்கும் கேட்டுக்கொள்வது இது: மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நாலு ஷாக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.