தோடு காதில் கிடக்கும் மாதம்

1990களில் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், அவசரத்துக்கென்று கையில் ஏதேனும் சேமிப்பு உண்டா எனக் கேட்டேன். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பதிலுக்குக் காதைத் தொட்டுக் காட்டினார். "இது காதுல கெடந்தா நல்ல மாசம் தம்பி. கடையில கெடந்தா கஷ்ட மாசம்." கடை என்றது பதுளை நகரத்து அடகுக்கடையை.

பின்னாளில் எத்தனையோ அறிக்கைகளைப் புரட்டியாயிற்று. இதைவிடத் துல்லியமான அளவுகோலை நான் கண்டதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் வறியோர் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். அதிர்ச்சி தரும் எண்தான். ஆயினும் அது முழு வீட்டையும் ஒரே அலகாக வைத்து அளக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் யாரையும் கேளாமல் எடுத்துச் செலவழிக்க அந்த வீட்டுப் பெண்ணிடம் பணம் இருந்ததா என்பது அதில் இல்லை.

பெண்ணின் காசு வீட்டுக் கணக்கில் கரைந்துபோனது இன்று நேற்றல்ல. கங்காணி கொடுத்த முன்பணம் 'துண்டு' எனும் கடன் சீட்டில் ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது. குடும்பத் தலைவன் பட்ட கடன் பெண்களின் உழைப்பையும் சேர்த்தே கட்டிப்போட்டது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டபோது ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்! தேயிலைத் தொழிலின் உயிர்நாடியே கொழுந்து பறித்தல். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குச் சமகூலி கிடைக்க 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கூலி சமமான பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. செக்ரோலில் பேர் அவளுடையது, காசு அவனுடையது.

எஞ்சியது 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதி. பெண்கள் அதை 50 வயதில் பெறலாம். திருமணத்துக்காக வேலையை விட்டாலும் பெறலாம். இந்த இரண்டாவது சலுகையைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. முதுமைக்கென்று சேர்ந்த பணம் கலியாணச் செலவில் கரைவதற்குச் சட்டமே வாசல் திறந்துவிட்டதல்லவா?

பசறை அம்மாவிடமும் அந்த நிதியைப் பற்றிக் கேட்டேன். வந்ததாம். மகன் கொழும்பில் கடை போட எடுத்துக்கொண்டானாம். "தோட்ட மட்டும் மொதல்ல மீட்டுக்கிட்டேன்" என்றார்.