அளப்பவரும் அமிழ்பவரும்

1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவை குமரியை இமயத்தோடு ஒரே கோட்டில் பிணைத்தது. அளந்த நிலம் ஆள்வதற்கு எளிதானது. இன்று அந்தச் சங்கிலி வானத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 30இல் ஏவப்பட்ட நிசார் 12 நாளுக்கொருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. இருமுறையும் திரும்பிவரும் ரேடார் அலைகளை ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்ததும் தெரிந்துவிடும்.

நாஞ்சில் நாட்டில் வயலையும் குளத்தையும் மண்ணடித்து நிரப்பியே மனைகளும் நான்குவழிச் சாலையும் வந்தன. ‘வயல்ல வீடு கெட்டுனா செவரு வெடிக்கும்லா’ என்பது இங்கே கொத்தனாரின் அறிவு. பாரம் ஏற ஏறக் களியிலிருந்து நீர் பிதுங்கும். நிலம் வருஷக்கணக்கில் அமுங்கும். இந்த அறிவுக்கு எண் கிடையாது, அதனால் ஆவணத்தில் இடமும் கிடையாது.

எண் கிடைத்தால் மட்டும்? இமயத்து ஜோஷிமட் 2022 டிசம்பர் 27க்கும் 2023 ஜனவரி 8க்கும் இடையில் 5.4 செ.மீ. தாழ்ந்ததாக இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு சொன்னது. சில நாட்களிலேயே அந்த அறிக்கை இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. ஊடகங்களிடம் பேச வேண்டாமென்று பேரிடர் மேலாண்மை ஆணையம் நிறுவனங்களுக்கு எழுதியது. சுவர் வெடித்தவர்களுக்கே எண் மறுக்கப்பட்டது.

நிசாரின் தரவு எல்லாருக்கும் திறந்தது. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குள் வேணும். அந்த எண் கிராமசபையில் உரக்கச் சொல்லப்பட வேணும். இல்லையென்றால் லாம்டனின் சங்கிலி மேலே போனதுதான் மிச்சம்.